சத்தம் நுழையாத வண்டி

ஜம்புலிங்கத்துக்குப் பேச்சு வராது என்றே போர்ட் பிளேயரில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தப்பு. அவருக்குப் பேச்சு நன்றாக வரும், கேட்கத்தான் கேட்காது. காது கேட்காதவன் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வான் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டு, யார் என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டப் பழகிவிட்டார். மேலும் கீழுமாக, அவசரமில்லாமல், மூன்று தரம். எதையும் யோசித்து ஒப்புக்கொள்கிற விவரமான மனிதர் என்று மின்சார டிபார்ட்மெண்டில் அவருக்கு நல்ல பெயர். ஒருமுறை யூனியனுக்குத் துணைத் தலைவராகவே ஆக்கிவிட்டார்கள். அதற்கும் தலையாட்டியிருக்கிறார் போலிருக்கிறது. மாலை போட்ட பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

விருதுநகர் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயதில் கப்பலேறி வந்தவர். டீசல் பவர் ஹவுஸில் ஆபரேட்டர் வேலை. ஐந்து ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு பஸ் அளவு. அவற்றுக்கு நடுவில் முப்பத்து மூன்று வருஷம் நின்றவருக்குக் காது மிச்சமிருந்தால்தான் அதிசயம். காதில் மாட்டிக்கொள்ள அடைப்பான் கொடுத்தார்கள், அவர் மாட்டவில்லை. ஜெனரேட்டரின் நோயை அதன் சத்தத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கண்டுபிடிக்கவும் செய்தார். மூன்றாம் நம்பருக்கு இருமல் வந்தால் ஊரில் முதலில் தெரிவது ஜம்புலிங்கத்துக்குத்தான். வீட்டில் மனைவிக்கு இருமல் வந்தால் தெரியாது.

வீடு என்பது பவர் ஹவுஸ் மதிலை ஒட்டிய குவார்ட்டர்ஸ். அங்கே குக்கர் விசிலை யாரும் காதால் எண்ணுவதில்லை. ஆவி எத்தனை தரம் எழும்பியது என்று பக்கத்தில் நின்று பார்த்து எண்ணுவார்கள். வாசல் மணி கேட்காது என்பதால் அதோடு ஒரு பல்பையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். பெண்கள் மாடிக்கு மாடி கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானமும் ஆகிவிடுவார்கள். என்றைக்காவது ஜெனரேட்டர்கள் நின்று ஊருக்கே கரண்ட் போனால் குவார்ட்டர்ஸில் மட்டும் அப்படி ஒரு அமைதி இறங்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து ஜம்புலிங்கம் பேண்டை மாட்டிக்கொண்டு பவர் ஹவுஸுக்கு ஓட வேண்டும். ஆக, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் அமைதியாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மனைவி அன்னம்மாள் லாங் ஐலண்டில் பிறந்தவள். கைதிகள் காலத்திலேயே தீவுக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழும் ஹிந்தியும் அவள் வாயில் ஒன்றாகவே வரும். பேச்சில் கெட்டி. அவள் பேசுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடம் வண்டி.

ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் ஓடித் தேய்ந்த பழைய வேன் அது. ஆர்சி புத்தகத்தில் கார் என்று போட்டிருப்பதால் ஜம்புலிங்கம் அதைக் கார் என்றுதான் சொல்வார். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். அதாவது, ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து கிளம்பும் மனிதர் இன்னொரு ஜெனரேட்டர் மேலேறி உட்கார்ந்துகொண்டு ஊர் சுற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வண்டூர் கடற்கரைக்கோ சிடியா டாப்புவுக்கோ போவார்கள். அன்னம்மாள் அவருடைய இடது காதுப் பக்கம் சாய்ந்து, தொண்டை நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டே வருவாள். அவர் ரோட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். அவள் உள்ளங்கையை விரித்தால் அது கேள்வி. கூடுதலாக ஒரு ஆட்டு. பள்ளம் வந்தால் தானாகவே இரண்டு ஆட்டு விழும்.

இந்தத் தலையாட்டலில் நடந்துபோன காரியங்கள் கொஞ்சமல்ல. ஒரே மகள் சங்கவி, மெயின்லாண்டில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த வருஷம், லீவில் வந்தபோது பின் சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். ஜம்புலிங்கம் கண்ணாடியில் அவளைப் பார்த்து மூன்று தரம் தலையாட்டினார். அவள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தான் காதலிக்கிறவனைப் பற்றித்தான் சொன்னாள் என்பது கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை நல்ல பையனாக அமைந்தது கடவுள் செயல். எங்கப்பா மாதிரி யாருக்கும் அப்பா கிடைக்காது என்று அவள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் காதுப் பரிசோதனை என்று உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரியில் சுவரெல்லாம் மெத்தை தைத்த ஒரு சின்ன அறை. டாக்டர் ஷோபனா, சங்கவி வயதுப் பெண், அவரையும் துணைக்கு வந்த அன்னம்மாளையும் உள்ளே உட்காரவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எதையோ எடுக்கப் போனாள்.

கதவு மூடியதும் உலகம் நின்றுபோனது. ஐந்து ஜெனரேட்டரும் நின்றுவிட்டன, ஓட வேண்டும் என்று ஜம்புலிங்கம் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். அப்போது பக்கத்தில் யாரோ பேசினார்கள்.

“ஏசி ரொம்பக் குளிருது.”

திரும்பிப் பார்த்தார். அறையில் அன்னம்மாளைத் தவிர யாரும் இல்லை. இவ்வளவு மெல்லிய குரலா இவளுக்கு? இரைச்சலுக்கு மேலே எழும்பி வரும் ஒரு கத்தலைத்தான் இத்தனை வருஷமும் அவள் குரல் என்று நினைத்திருந்தார். இன்னும் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்றிருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டதோடு சரி.

பரிசோதனை முடிந்து அன்னம்மாள் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கப் போன பிறகு டாக்டர் சொன்னாள்: “அங்கிள், அமைதியான இடத்துல உங்களுக்குத் தாராளமாக் கேக்கும். சத்தத்துக்கு நடுவுல பேச்சப் பிரிச்சு எடுக்கத்தான் முடியல.”

“இந்த ரூம் எங்க கிடைக்கும்?” என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

டாக்டர் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் சுவருக்கு மெத்தை அடித்தால் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வரும். ஓய்வு பெறும்வரை பொறுக்கலாமென்றால், இருபத்தெட்டு வருஷம் பொறுத்த மனிதருக்கு அந்த ஐந்து மாதம் பொறுக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது வண்டி.

டாலிகஞ்சில் சீட் கவர் கடை வைத்திருந்த குணாவிடம் போனார். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பையன். கையில் வேலை இருக்கிறது, வாயில் அதைவிட அதிகம் இருக்கிறது.

“வண்டிக்குள்ள சத்தமே வரக்கூடாதா? பெரிய ஸ்பீக்கர் போடப் போறீங்களாண்ணே?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

“சும்மா உக்காந்திருக்க.”

குணா அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனால் வேலை வேலைதான். சீட்டுகளைக் கழற்றினான், தரை விரிப்பை உரித்தான், கதவுகளின் உள்பக்க அட்டையைப் பெயர்த்தான். வெறும் தகரமாக நின்ற வண்டியைப் பார்க்க ஜம்புலிங்கத்துக்கே கூச்சமாக இருந்தது. தகரம் அதிர்வதை அடக்க, ஒரு பக்கம் தாரும் ஒரு பக்கம் அலுமினியமுமாக இருக்கும் கனத்த ஷீட்டை ஒட்ட வேண்டும். அதற்கு மேல் ஃபோம், அதற்கு மேல் கார்பெட். குணா ஹீட்டரால் ஷீட்டைச் சுடவைத்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினான். ஒட்டுவதற்கு முன் கதவைத் தட்டினால் டங் என்றது. ஒட்டிய பிறகு தப் என்றது. அந்த ‘தப்’பில் ஜம்புலிங்கம் சொக்கிப்போனார். ஒன்பது நாள் லீவு போட்டுவிட்டு கடையில் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனால் பீரோவைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

தார் ஷீட் மெயின்லாண்டிலிருந்து வந்துவிட்டது. ஃபோம் வரவில்லை. கப்பல் ரிப்பேருக்குப் போயிருக்கிறது, எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது என்றார்கள்.

“டென்ஷன் எடுக்காதீங்கண்ணே, ஒரு ஜுகாட் இருக்கு, ஒப்பேத்திடலாம்,” என்று குணா கடைக்குப் பின்னால் கூட்டிப்போனான். படகு கம்பெனி ஒன்று இழுத்து மூடியபோது ஏலத்தில் விட்ட லைஃப் ஜாக்கெட்டுகள். நூற்று முப்பது. மலைபோலக் கிடந்தன, எல்லாம் ஆரஞ்சு கலர்.

“இது தண்ணிக்குல்லப்பா? சத்தத்துக்கு ஆகுமா?”

“ஃபோம் ஃபோம்தாண்ணே. வெளிய இருக்கிறது தண்ணியா சத்தமான்னு அதுக்கு என்ன தெரியும்?”

ஜம்புலிங்கம் மூன்று தரம் தலையாட்டினார். காது நன்றாகக் கேட்டும் தலையாட்டிய அபூர்வமான சந்தர்ப்பம் அது. குணா ஜாக்கெட்டுகளைக் கிழித்து, உள்ளேயிருந்த ஃபோம் பலகைகளைக் கதவுக்குள், கூரைக்குள், தரைக்கு மேலே, சீட்டுக்கு அடியில் என்று சந்து பொந்தெல்லாம் திணித்தான். சத்தம் நுழையும் என்று சந்தேகப்பட்ட ஓட்டைகளையெல்லாம் பிசின் வைத்து அடைத்தான். கதவுக்கு ரப்பர் இரட்டை வரிசை. ஏசி இருக்கும்போது ஜன்னல் எதற்கு என்று கண்ணாடிகளையும் திறக்கவே முடியாதபடி ஏற்றி ஒட்டிவிட்டான். ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஒரு விசில் தொங்கியது. நூற்று முப்பது விசிலையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கொடுத்தான். ஜம்புலிங்கம் அவற்றைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டார். ஒரு வாரம் அத்தனை பிள்ளைகளும் விடாமல் ஊதினார்கள். யாருக்கும் கேட்கவில்லை.

வேலை முடிந்த வண்டி உள்ளே ஒரு சுற்றுச் சிறுத்திருந்தது. ஜம்புலிங்கத்தின் வயிறு ஸ்டீயரிங்கில் இடித்தது. ஆனால் கதவைச் சாத்தியதும், ஆஸ்பத்திரி அறையில் விழுந்த அதே அமைதி விழுந்தது. இன்ஜின் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அன்னம்மாளை ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் வண்டியை எடுத்தார்.

“ஏங்க! கத்திரிக்கா வாங்கணும்!” என்று அவள் வழக்கம்போல இடது காதில் கத்தினாள். ஜம்புலிங்கம் சீட்டிலிருந்து எகிறிக் கூரையில் இடித்துக்கொண்டார். கூரை மெத்தையாக இருந்ததால் பிழைத்தார்.

“மெதுவாப் பேசு அன்னம். கேக்குது.”

“இத்தன நாளும் கேட்டுச்சுல்ல?”

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனிதர் தலையாட்டிவைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவருக்கு ஒரு பக்கம் சொர்க்கம், ஒரு பக்கம் கிலி. அவள் வளையல் சத்தம் கேட்டது, பெருமூச்சு கேட்டது, வாய்க்குள்ளேயே சிரிக்கும் சிரிப்பு கேட்டது. பேச்சும் கேட்டது, அதுதான் வம்பாகப் போயிற்று. அவள் பேசுவதெல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும் பேச்சு. விட்ட இடம் எது என்று அவருக்குத் தெரியாது. குவார்ட்டர்ஸில் ஆறு வருஷமாக அவர் விளக்குமாறால் விரட்டிக்கொண்டிருந்த பூனை, அவர் சரி என்று சொல்லி அவர்கள் வீட்டிலேயே வளர்க்கும் பூனையாம். செவ்வாய், வெள்ளி, சனி வீட்டில் மீன் கிடையாது என்பது அவர் ஒப்புக்கொண்ட வேண்டுதலாம். அந்த மூன்று நாளும் மார்க்கெட்டுக்கு மீன் வருவதில்லை என்று, நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் பதினோரு வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை கராச்சர்மா தாண்டிப் போகும்போது அவள் சொன்னாள்: “ஜனவரி அஞ்சாந்தேதி போட்ல சாமான் ஏத்தச் சொல்லிட்டேன்.”

“எந்தச் சாமான்?” வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

“க்யா, மறந்துட்டீங்களா? நம்ம சாமான்தான். லாங் ஐலண்டுக்கு. அண்ணன் ரெண்டு ரூமும் கட்டி முடிச்சு வெள்ள அடிச்சாச்சு. ரிடையர் ஆனதும் அங்க போயிடலாமான்னு பதினஞ்சு வருஷமாக் கேக்கிறேன். பதினோரு தரம் கேட்டேன், பதினோரு தரமும் சரின்னீங்க. ஒரு தரமாவது யோசிப்பீங்கன்னு பாத்தேன், இல்ல. அண்ணிகிட்டக் கூடச் சொன்னேன், நான் சொல்லி அவர் மாட்டேன்னு சொன்னதே கிடையாதுன்னு.”

ஜம்புலிங்கம் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஹாரன்கள் அலறியிருக்கும். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. லாங் ஐலண்டுக்கு அவர் போயிருக்கிறார். படகில் இறங்கி நடக்க வேண்டும். கார் ஓட்டுகிற அளவுக்கு ரோடு கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு தினமும் சாயங்காலம் இந்த வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு, அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே ஊரெல்லாம் ஓட்ட வேண்டும் என்று அவர் போட்டுவைத்திருந்த திட்டம் தாரோடும் ஃபோமோடும் அங்கேயே படுத்துவிட்டது.

ஆனால் அவரைப் பயமுறுத்தியது லாங் ஐலண்ட் இல்லை. முடியாது என்றால், பதினோரு தரம் சரி என்றீர்களே என்பாள். கேட்கவில்லை என்று சொன்னால், அவள் பேசிய இருபத்தெட்டு வருஷமும் பொய்யாகிவிடும். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத புருஷன் தனக்குக் கிடைத்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அதைப் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை. பிடுங்காமல் இருந்தால், மிச்ச வாழ்நாளும் பொம்மை மாதிரி ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேலையில் மூன்றாம் நம்பர் ஜெனரேட்டர் முன்னால் நின்றுகொண்டு, “அன்னம், எனக்கு ஒண்ணுமே கேக்கல” என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினார். கூட வேலை பார்க்கும் வினோத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைக் கட்டிக்கொண்டு வண்டூருக்குப் போனார்கள். பௌர்ணமிக்கு மறுநாள், கடல் நன்றாக வற்றி நன்றாக ஏறும் நாள். அங்கே சுனாமியில் நிலம் இறங்கியதால் பழைய தார் ரோடு ஒன்று நேராகக் கடலுக்குள் போய் முடியும். தண்ணீர் வற்றியிருக்கும்போது அதன் நுனிவரை வண்டியைக் கொண்டுபோகலாம். ஜம்புலிங்கம் கொண்டுபோய் நிறுத்தினார். முன்கண்ணாடி நிறையக் கடல். பக்கத்தில், முதலை இருக்கிறது, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று மூன்று மொழியில் போர்டு. ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டார். இட்லி சாப்பிட்டார்கள். அரைமணி நேரம் தைரியத்தைச் சேர்த்தார்.

“அன்னம், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“எனக்குக் கேக்கல.”

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே.”

“இப்ப இல்ல. இதுவரைக்கும்.”

“எப்பலருந்து?”

“கல்யாணத்துலருந்து.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள். “லாங் ஐலண்ட்?”

“கேக்கல. சும்மா தலையாட்டினேன்.”

“சங்கவி விஷயம்?”

“கேக்கல.”

“எங்கம்மா போனப்ப, ரங்கத்துலருந்து வண்டில வழி பூரா அழுதுகிட்டே சொல்லிட்டு வந்தேனே?”

“அழுதது தெரிஞ்சுது. ஒரு கையால உன் கையப் பிடிச்சிருந்தேன். நீ என்ன சொன்னேன்னு கேக்கல அன்னம்.”

“அப்ப இத்தன வருஷமும் நான் யார்கிட்டப் பேசிட்டிருந்தேன்?”

குணா அடைத்த அமைதி இருவர் மேலும் உட்கார்ந்துகொண்டது. ஒரு ஈ இருந்திருந்தால் அதன் சத்தமாவது கேட்டிருக்கும். ஜம்புலிங்கத்துக்குத் தலை லேசாகச் சுற்றியது, உடம்பெல்லாம் வியர்த்தது. பிரஷர் ஏறிவிட்டது, சொன்ன பாவத்துக்கு இங்கேயே போய்ச் சேரப்போகிறோம் என்று முடிவு செய்தார். அன்னம்மாள் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஏங்க, அந்தத் தென்னமரம் நகருது” என்றாள்.

அவர் பயத்தில் தலையாட்டினார்.

“ஆட்டாதீங்க! தென்னமரம் நகராது. நாமதான் நகருறோம்.”

பார்த்தார். ரோடு இல்லை. கரை இருபதடி தள்ளிப் போயிருந்தது. வண்டி அழகாக, ஒரு பக்கமும் சாயாமல், கடல் மேல் மிதந்துகொண்டிருந்தது. தீவில் பிறந்தவர்கள் தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் காது சொல்லிவிடும். அந்த வண்டிக்குள் அன்னம்மாளுக்குக் காது ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போய் அது நின்றதும், ஏசி நின்றதும்கூட இருவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தான் குணா. நூற்று முப்பது பேரைக் காப்பாற்ற வேண்டிய ஃபோம் இரண்டே பேரைச் சுமந்துகொண்டிருந்தது.

ஜம்புலிங்கம் கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். “தொறக்காதீங்க! தொறந்தா உள்ள தண்ணி வந்துரும்,” என்று அன்னம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டாள். ஜன்னல் திறக்காது. திறந்தாலும் இறங்க முடியாது. போர்டில் மூன்று மொழியில் எழுதியிருந்தது இருவருக்கும் நினைவிருந்தது. கரையில் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். எல்லோருடைய வாயும் திறந்து மூடியது. பாதிப் பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கூட்டத்தில் ஒருவன் கையைக் கூப்பிக் கும்பிட்டதுதான் ஜம்புலிங்கத்தைக் கலக்கிவிட்டது.

வண்டூர் மீன்காரர் யோகராஜ் தன் டிங்கிப் படகை ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, நங்கூர இரும்பைத் தூக்கிப் பின்ஜன்னலுக்கு நேராகக் காட்டி ஏதோ கேட்டார். ஜம்புலிங்கம் மூன்று தரம் தலையாட்டினார். யோகராஜ் மரியாதை தெரிந்தவர். இன்னொரு தரம் கேட்டார். ஜம்புலிங்கம் இன்னொரு தரம் ஆட்டினார்.

“என்ன கேக்கிறாரு?” என்றாள் அன்னம்மாள்.

“தெரியல.”

கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது. அந்த ஓட்டை வழியே உலகத்துச் சத்தமெல்லாம் உள்ளே பாய்ந்தது. அலை, காற்று, கரையில் கூட்டத்தின் கூச்சல், எல்லாவற்றுக்கும் மேலே டிங்கி இன்ஜினின் டடடட. “கயிறு கட்டியாச்சு அங்கிள், டர்னே கா பாத் நஹி, பயப்படாதீங்க! அப்படியே உக்காருங்க, இழுத்துட்டுப் போயிடறேன்!” என்று யோகராஜ் கத்தியது அன்னம்மாளுக்குக் கேட்டது. ஜம்புலிங்கத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்னம்மாள் அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். உள்ளங்கையை விரித்துச் சொன்னாள். அவர் கழுத்து பழக்கத்தில் கீழே இறங்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினார். முப்பத்து மூன்று வருஷப் பழக்கம், நிறுத்தும்போது கழுத்து வலித்தது.

“கேக்கல அன்னம். திரும்பச் சொல்லு.”

அவள் சொன்னாள்.

“இன்னும் கேக்கல.”

அவள் கத்தினாள். இன்ஜின் அதை விழுங்கிவிட்டது. ஜம்புலிங்கம் பின் சீட்டுக்கு ஏறிப்போய், உடைந்த ஜன்னல் வழியே தலையை நீட்டி, “தம்பி, இன்ஜின ஆஃப் பண்ணு!” என்றார்.

“ஆஃப் பண்ணா எப்பிடி இழுக்கிறது அங்கிள்?” என்று யோகராஜ் சைகை செய்தார்.

“இழுக்க வேணாம். வீட்டுக்காரி பேசுறா, ஆஃப் பண்ணு!”

யோகராஜ் இருவரையும் பார்த்தார், தண்ணீரைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். கூட்டமும் என்னவோ ஏதோ என்று வாயை மூடிக்கொண்டது.

அன்னம்மாள் கத்தாமல் கேட்டாள்: “லாங் ஐலண்டுக்கு வர உங்களுக்கு இஷ்டமா, இல்லையா? அதத்தான் கேட்டேன்.”

ஜம்புலிங்கம் யோசித்தார். கடல் நடுவில், பின்கண்ணாடி இல்லாத வண்டியில் உட்கார்ந்து நிஜமாகவே யோசித்தார். “அங்க ஜெனரேட்டர் ரூம் எங்க இருக்கு? உங்கண்ணன் வீட்டுக்குப் பக்கமா?”

“ரொம்ப தூரம். வீட்டுக்குச் சத்தமே வராது.”

“பக்கத்துல வேற வீடு?”

“ரெண்டு பாக்கு தோட்டம் தாண்டி.”

“ரோடு கிடையாதே?”

“ரோடு இல்ல, வண்டி இல்ல, ஹாரன் இல்ல. அதுக்காகத்தானே பதினஞ்சு வருஷமாக் கேட்டேன்,” என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. “அங்க போனாலாவது உங்ககிட்டக் கத்தாமப் பேசலாம்னு.”

ஒவ்வொரு எழுத்தும் அவருக்குக் கேட்டது. மகள் கல்யாணத்தில்கூட அழாத மனிதர் அப்போது குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதபடியே தலையை ஆட்டினார், மேலும் கீழுமாக, மூன்று தரம்.

“அது வேணாம்,” என்றாள் அன்னம்மாள். “வாயத் தொறந்து சொல்லுங்க.”

ஜம்புலிங்கம் வாயைத் திறந்து சொன்னார். ஜெனரேட்டர்களுக்கு நடுவில் நின்று பழகிய குரல்; கரையில் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது.